அப்பாவின் புக்கிங் ஆபீஸ் டாட் மேட்ரிக்ஸ்: நோட்டு அட்டைக்கு ஆகுமா?

#1 ஓட்டைப்பேப்பர்

எல்லாருக்கும் வணக்கம். சங்ககிரியில் அப்பா முப்பது வருசமாக நடத்திவந்த லாரி புக்கிங் ஆபீஸைப் போன மாதம் காலி செய்தோம். மேசை, பீரோ, இரும்பு நாற்காலி எல்லாம் போய்விட்டன. மிச்சம் எப்சன் எல்எக்ஸ்-300+ டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் (ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி அடிக்கிற வகை) ஒன்று, ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் பேப்பர் ஒன்றரைப் பெட்டி. காயலான் கடைக்காரர் பிரிண்டரைத் தராசில் வைத்துவிட்டுச் சொன்ன விலைக்கு நாலு டீயும் நாலு வடையும் வரும். கோபத்தில் வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டேன்.

நான் கையால் நோட்டுப் புத்தகம் தைத்து விற்கிறவன். அட்டைக்குக் கையால் செய்த காகிதம்தான் போடுகிறேன். அதன்மேல் இந்த பிரிண்டரில் ஏதாவது அடித்துப் பார்த்தால் என்ன என்று ஓர் ஆசை. பேப்பரை நகர்த்துகிற எல்எஃப்/எஃப்எஃப் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்து டெஸ்ட் பிரிண்ட் எடுத்தேன். ஓடுகிறது, எழுத்துதான் வெளிறிப்போய் வருகிறது. கெட்டிக் காகிதம் போகுமா? ரிப்பனுக்கு ஸ்டாம்ப் பேட் மை விடலாமா? லேப்டாப்பில் பிரிண்டர் கேபிள் செருகுகிற அந்த அகலமான பேரலல் போர்ட்டே இல்லையே, அதற்கு என்ன வழி? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

#2 எதுக்குங்க

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது மேலிருந்து கீழாக ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி வைக்கிற மெஷின். சாதாரண இங்க்ஜெட் 600-க்குக் குறையாது. கலர் வரும், சத்தம் வராது. அந்த கிர்ர்ர் சத்தத்தை பேங்க் வரிசையில் நின்று கேட்டது போதாதா? நாலு வடையை வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம்.

#3 காகிதப்பூ

வடை ஆறிப்போயிருக்கும், விடுங்கள்.

நான் புதுச்சேரியில் லினோகட் (லினோலியத்தில் செதுக்கி அச்சடிப்பது), மரச்செதுக்கு அச்சு செய்கிறேன். இங்க்ஜெட் மையைத் தெளிக்கிறது, லேசர் பொடியைச் சூடாக்கி ஒட்டுகிறது. இரண்டுமே காகிதத்தைக் குத்துவதில்லை. டாட் மேட்ரிக்ஸ் அடிக்கிறது. டெஸ்ட் பிரிண்ட் எடுத்தீர்களே, அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. பழைய அச்சகத்தில் ஈய எழுத்து கோர்த்து அடித்த கல்யாணப் பத்திரிகையில் அந்தக் குழி இருக்கும், அதனால்தான் அதை யாரும் சும்மா வாசிப்பதில்லை, தடவுவார்கள்.

எத்தனை புள்ளி என்ற கணக்கில் இந்த மெஷின் தோற்றுத்தான் போகும். எப்படி அடிக்கிறது என்ற கணக்கில் பாருங்கள்.

#4 முன்னாள்_சர்வீஸ்

தம்பி, 1989-லிருந்து 2012 வரை இந்த ஜாதி பிரிண்டர்களோடுதான் குப்பை கொட்டினேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் பிரிண்டரின் ஹெட்டுக்குள், அதாவது அடிக்கிற தலைக்குள், 9 ஊசி, மேலிருந்து கீழாக ஒரே வரிசை. நாங்கள் பின் என்போம். ஒவ்வொரு பின்னுக்கும் பின்னால் ஒரு சுருள். கரண்ட் பாய்ந்தால் பின் வெளியே பாய்ந்து, ரிப்பனைப் பேப்பரோடு சேர்த்துக் கறுப்பு ரப்பர் உருளைமேல் குத்திவிட்டு ஸ்பிரிங் இழுப்பில் திரும்பிவிடும். இரண்டு பின்னுக்கு நடுவே 1/72 அங்குலம், அதாவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மற்றதெல்லாம் ஹெட் இடவலமாக ஓடுவதும், பேப்பர் மேலே ஏறுவதும்தான்.

கெட்டிக் காகிதம்: ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும், 0, 1, 2 என்று எண் போட்டு. அதுதான் ஹெட்டுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளி. ஒற்றைத் தாளுக்கு 0. உங்கள் அப்பா மூன்று காப்பி அடித்திருப்பார், ஒன்றோ இரண்டோ தள்ளி வைத்திருப்பார். எழுத்து வெளிறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், ரிப்பனைக் குறை சொல்லுமுன் அதைப் பாருங்கள். கையால் செய்த காகிதத்தில் சிக்கல் கனம் மட்டுமில்லை, நார். நார் உதிர்ந்து ஹெட் மூக்கில் அடைத்துக்கொள்ளும். பத்துத் தாளுக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கனமான அட்டையை அப்படியே விடவேண்டாம், உருளையைச் சுற்றி வளைய முடியாமல் சிக்கும்.

ஸ்டாம்ப் பேட் மை வேண்டவே வேண்டாம். ரிப்பன் மை எண்ணெய் கலந்தது. அந்த எண்ணெய்தான் பின்னுக்கு மசகு. வேறு மை உள்ளே போய் உலர்ந்தால் பின் வெளியே வந்தபடியே நின்றுவிடும், அப்புறம் ஹெட் ஓடுகிற ஓட்டத்தில் முறியும். ரிப்பன் காய்ந்து மட்டும் போயிருந்தால் மூடியைக் கழற்றி டபிள்யூடி-40 ஸ்ப்ரே எண்ணெயை லேசாகத் தெளித்து ஒரு ராத்திரி வைத்தால் ஓரத்தில் தேங்கிய மை நடுவுக்கு ஊறி வரும், ஒரு மாசம் ஓட்டலாம். (ரிப்பன் பெட்டியைத் திறப்பவர்கள் ஜாக்கிரதை. சிலவற்றில் நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டியிருப்பார்கள், மேல்பாதி தேய்ந்ததும் கீழ்பாதி தானாக மேலே வரட்டும் என்று. தெரியாமல் முறுக்கை எடுத்துவிட்டுப் பாதி ரிப்பனிலேயே காலம் தள்ளிய ஆபீஸ்கள் உண்டு.)

இன்னொன்று, பக்கம் முழுக்கக் கறுப்பாக நிரப்பாதீர்கள். எல்லாப் பின்னும் ஓயாமல் அடித்தால் ஹெட் சூடேறும். அது தானாக நின்று நின்று அடிக்க ஆரம்பித்தால் கோளாறு இல்லை, ஆறட்டும் என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஹெட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டாம். எனக்கு வலது ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

#5 ஓட்டைப்பேப்பர்

சார், கோடி நன்றி. லீவர் 2-இல் இருந்தது! 0-க்குத் தள்ளியதும் எழுத்து கறுப்பாக வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன், "அஞ்சு வருசமா ரிப்பன் சரியில்லன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டேனே" என்று சிரித்தார்.

யூஎஸ்பி-பேரலல் கேபிள் ஒன்று வாங்கினேன். நெட்டில் கிடைத்த ஒரு பழைய நிரலை வைத்து 9 புள்ளி சிக்குக் கோலம் ஒன்றை அடித்தேன். இரண்டு பிரச்சினை. வட்டமாக வரவேண்டிய சின்ன வளைவெல்லாம் படுத்த முட்டை மாதிரி அகலமாக வருகிறது. எட்டுப் புள்ளிக்கு ஒருமுறை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. காகிதப்பூ அக்கா சொன்ன மாதிரி பின்பக்கம் தடவிப் பார்த்தேன், கோலமே விரலுக்குத் தெரிகிறது!

#6 பைட்டு_பாண்டி

முட்டைக்குக் காரணம் எளிது. அந்த நிரல் 27, 75 என்ற எண்களைக் கட்டளையாக அனுப்புகிறது (27 வந்தால் அடுத்தது கட்டளை என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும்). அது கிடைமட்டமாக அங்குலத்துக்கு 60 புள்ளி. செங்குத்தாக 72. ஆறுக்கு அஞ்சு என்ற விகிதத்தில் படம் படுத்துக்கொள்ளும். 27, 42, 5 என்று கொடுத்தால் கிடைமட்டமும் 72 ஆகிவிடும், வட்டம் வட்டமாகவே வரும்.

வெள்ளைக் கோடு வரி இடைவெளியால் வருவது. எழுத்துக்கு வைத்த இடைவெளி 1/6 அங்குலம், அதாவது 12 புள்ளி உயரம். ஹெட் ஓர் ஓட்டத்தில் அடிக்கிற உங்கள் பட்டை 8 புள்ளிதான். 27, 65, 8 அனுப்பிவிட்டால் பட்டையும் பட்டையும் ஒட்டிக்கொள்ளும்.

மொத்த வரிசை இப்படிப் போகும்: முதலில் 27, 64, பழைய அமைப்பெல்லாம் மறக்க. அடுத்து 27, 65, 8. பிறகு 27, 85, 1, ஒரே திசையில் மட்டும் அடிக்க. இதைப் போடாவிட்டால் போகும்போது அடித்த பட்டையும் வரும்போது அடித்த பட்டையும் மயிரிழை தள்ளி நிற்கும், நேர்க்கோடு பல் பல்லாகத் தெரியும். அப்புறம் ஒவ்வொரு பட்டைக்கும் 27, 42, 5, 64, 2, அதன்பின் 576 எண்கள், கடைசியில் 13 (ஹெட் இடது ஓரத்துக்குத் திரும்ப), 10 (பேப்பர் ஒரு வரி ஏற). எட்டு அங்குல அகலத்துக்கு 576 நெடுவரிசை. அதை 64 + 2×256 என்று உடைத்துச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு எண்ணும் ஒரு நெடுவரிசை: மேல் பின் 128, அடுத்தது 64, 32, 16, 8, 4, 2, எட்டாவது பின் 1. மேல் பின்னும் எட்டாவது பின்னும் மட்டும் அடிக்க 129. ஒன்பதாவது பின் இந்த முறையில் படம் அடிக்கும்போது சும்மா இருக்கும்.

பிரிண்டர் டிரைவர் மென்பொருள் எதுவும் போடாதீர்கள். டிரைவர் நடுவில் புகுந்தால் தன் இஷ்டத்துக்குப் படத்தை மாற்றும். லினக்ஸில் கேபிளைச் செருகியதும் பிரிண்டர் ஒரு கோப்பு மாதிரித் தெரியும். பைத்தானில் அந்தக் கோப்பைத் திறந்து எண்களை எழுதினால் நேராக ஊசிக்குப் போய்விடும்.

#7 முன்னாள்_சர்வீஸ்

பாண்டி சொன்னது கச்சிதம். கோப்பை பைனரியாக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் எண்ணாக, திறக்கவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். 10 என்ற எண் படத்தின் நடுவில் வந்தால், அதை வரி முடிவு என்று நினைத்து இடையில் ஒரு 13-ஐச் செருகுகிற மென்பொருள்கள் உண்டு. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இன்னொரு கூத்து. பைனரி என்று சொல்லாமல் பிரிண்டருக்கு காப்பி கொடுத்தால் 26 வந்த இடத்தோடு கோப்பு முடிந்தது என்று நிறுத்திக்கொள்ளும். ஜிடபிள்யூ பேசிக் என்ற பழைய நிரல் மொழி இன்னும் மோசம், 80 எழுத்து ஆனதும் கேட்காமலேயே வரியை மடக்கிவிடும். அகலம் 255 என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் வாயை மூடும். ஒரு முறுக்குக் கம்பெனிக்காரர் தன் பில்லில் பிள்ளையார் படம் வேண்டும் என்றார். பிள்ளையாரின் தும்பிக்கை தினமும் ஒரே இடத்தில் அறுந்தது. அபசகுனம் என்று பரிகாரம் வரைக்கும் போய்விட்டார். கடைசியில் பார்த்தால் அந்த 26.

#8 எம்சிசி_மரத்தடி

கோலம் என்றதும் நுழைகிறேன். கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு இந்த பிரிண்டரைவிடப் பழையது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தையும் 'அரே கிராமர்' என்ற கட்டவரிசை இலக்கணத்தையும் இணைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் இரு பரிமாணப் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம், சின்னத் துண்டை விதிப்படி மாற்றி மாற்றி வைத்தால் பெரிய கோலம் விளையும் என்பது அதன் அடிப்படை. கோலம் தெரிந்த பெண்கள் 5 புள்ளிக் கோலத்தை 7-க்கும் 9-க்கும் மனசிலேயே விரிப்பதும் அதே வேலைதானே.

ஓட்டைப்பேப்பர், நீங்கள் போட்டோ எடுத்துப் புள்ளியாக்கவே தேவையில்லை. விதியைக் கொடுத்து நிரலையே கோலம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் வேறு கோலம் கிடைக்கும்.

#9 எதுக்குங்க

சரி, குழி விழுகிறது, ஒப்புக்கொள்கிறேன். நேற்று ஒரு மருந்துக்கடை பில்லைத் தடவிப் பார்த்துவிட்டேன், உங்களால் வந்த வினை. ஆனால் ஒரு சந்தேகம். கோலத்தை நிரல் போடுகிறது, மெஷின் அடிக்கிறது. இதைக் "கையால் செய்தது" என்று சந்தையில் விற்றால் வாங்குகிறவரை ஏமாற்றுவது ஆகாதா?

#10 காகிதப்பூ

நல்ல கேள்வி, கிண்டல் இல்லாமல்தான் சொல்கிறேன். தையல் மெஷினில் தைத்த சட்டையை யாரும் மெஷின் தைத்தது என்பதில்லை, தையல்காரர் தைத்தது என்கிறோம். ஆனாலும் நானாக இருந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன பிரிண்டர், எப்படி அடித்தது என்று ஒரு வரி போட்டுவிடுவேன்.

இது புது வம்பும் இல்லை. அமெரிக்க ஓவியர் ஃப்ரெடரிக் ஹேமர்ஸ்லி 1969 வாக்கில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பஞ்ச் கார்டு (நிரலை ஓட்டைகளாகக் குத்திய அட்டை) போட்டு, வரி வரியாக அடிக்கிற பிரிண்டரில் வெறும் எழுத்தையும் நிறுத்தற்குறியையும் வைத்து வரைந்தார். ஆபீஸ் கணக்கு அடிக்கிற அதே மெஷின், அதே ஓட்டைப் பேப்பர். பிரேசிலில் வால்டெமார் கோர்டெய்ரோ, ஜியார்ஜியோ மோஸ்காட்டி என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து அதே காலத்தில் ஒரு புகைப்படத்தை எண்ணாக மாற்றி, எழுத்தின்மேல் எழுத்தாக அடித்துச் சாயல் கொண்டுவந்தார்.

அந்த மேலடி உங்களுக்கும் உதவும். 13 மட்டும் அனுப்பி 10-ஐ அனுப்பாமல் விட்டால் பேப்பர் ஏறாது, ஹெட் இடது ஓரத்துக்கு வந்து அதே பட்டையை மறுபடி அடிக்கும். ஒருமுறை அடித்த இடம் சாம்பல், மூன்று முறை அடித்த இடம் கரி. குழியும் ஆழமாகும். லினோவில் எனக்குக் கிடைக்காத சாயல் இது, பொறாமையாக இருக்கிறது. (பேப்பர் தானாக ஏறினால் பிரிண்டரின் அமைப்பில் ஆட்டோ லைன் ஃபீடை அணைத்துவிடுங்கள்.)

#11 சைக்ளோஸ்டைல்

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியன். ரிப்பன் இல்லாமல் அடிப்பது பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் காலத்தில் கேள்வித்தாள் எல்லாம் ஸ்டென்சில்தான். மெழுகு பூசிய மெல்லிய தாளை டைப்ரைட்டரில் சுற்றி, ரிப்பனை இறக்கிவிட்டுத் தட்டுவோம். எழுத்து மெழுகை விலக்கும், அந்த வழியாக மை இறங்கும். உருளையைச் சுற்றச் சுற்ற நூறு பிரதி. 'ஓ' எழுத்தைப் பலமாகத் தட்டினால் நடு வட்டம் பெயர்ந்து விழுந்து, எல்லாப் பிரதியிலும் கறுப்புப் பொட்டாக நிற்கும். அதற்கென்று ஒரு சிவப்புத் திரவம், நகப்பூச்சு போலவே வாசம் வரும். நெருக்கடி நிலைக் காலத்தில் கைக்குக் கை மாறிய தலைமறைவுத் தாள்களும் இந்த முறையில் வந்தவைதாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கு டாட் மேட்ரிக்ஸ் வந்தபோது நான் செய்த காரியம், ரிப்பனைக் கழற்றிவிட்டு அதிலேயே ஸ்டென்சில் வெட்டியது. பிரமாதமாக வந்தது, கணக்குப் படம் வரைந்து தள்ளினேன். மூன்றாவது வாரம் ஹெட்டில் மெழுகு அடைத்துப் பள்ளி முழுக்க எனக்குக் கெட்ட பேர். பழுது பார்க்க வந்த பையன் ஹெட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்தான். ஒருவேளை முன்னாள்_சர்வீஸ்தானோ என்னவோ.

#12 முன்னாள்_சர்வீஸ்

ஐயா, அப்படி ஊறவைத்த ஹெட்டுகளுக்குக் கணக்கில்லை. நானாக இருந்தால் அன்றைக்கே திட்டியிருப்பேன், அதனால் நான் இல்லை.

ரிப்பன் இல்லாமல் அடிக்க ஆசைப்படுபவர்களுக்கு: பின்னுக்கு மசகு இல்லை, உருளைக்கும் நேரடி அடி. எப்போதாவது ஒரு தாள் பரவாயில்லை, பழக்கமாக வேண்டாம். ஓட்டைப்பேப்பர், உங்கள் அப்பா ஆபீஸ் முறையே போதும். மேலே ஒரு மெல்லிய தாள், ரிப்பன் அதில் அடிக்கட்டும். கீழே நீங்கள் வேண்டும் என்கிற காகிதம். நடுவில் கார்பன் வைத்தால் நீலக் கோலம், சிவப்புக் கார்பன் கிடைத்தால் சிவப்புக் கோலம். நடுவில் ஒன்றும் வைக்காவிட்டால் மையே இல்லாத குழி மட்டும். மேல் தாள் நாரையும் தடுக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

#13 ஓட்டைப்பேப்பர்

ஒரு தவறு செய்துவிட்டேன். #12-ஐப் படிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால்.

நோட்டு முதுகுக்குத் துணி ஒட்டுவேன். கதர்த் துணி ஒரு துண்டை ஓட்டைப் பேப்பரில் நாலு ஓரமும் ஒட்டி, நேராக உள்ளே விட்டேன். முதல் மூன்று பட்டை அருமையாக வந்தது. நாலாவதில் "டிக்" என்று ஒரு சத்தம். ஹெட் ஓர் இழையை இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது. துணியைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். இப்போது என்ன அடித்தாலும் எழுத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

#14 முன்னாள்_சர்வீஸ்

கதரில் நெசவு நெருக்கம் இல்லை. பின் இழைக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் ஹெட் நகர்ந்துவிட்டது. கிழிந்த ரிப்பனாலும் இப்படித்தான் பின் போகும். போனது போகட்டும், எந்தப் பின் என்று பார்ப்போம். ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாக ஒரு வரி அடியுங்கள்: 128 மட்டும், 64 மட்டும், அப்படியே 1 வரை. எது வரவில்லையோ அது.

#15 ஓட்டைப்பேப்பர்

16 வரவில்லை சார். மற்ற ஏழும் பளிச்.

#16 முன்னாள்_சர்வீஸ்

நாலாவது பின். ஹெட்டை மாற்றலாம், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றியது சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். ஆனால் எழுத்து அடிக்கப் போவதில்லை, படம்தானே? அப்படியானால் காசு செலவழிக்கவேண்டாம். 5, 6, 7, 8 நாலு பின்னும் நன்றாக இருக்கின்றன, அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை உயரம் எட்டுக்குப் பதில் நாலு. பாண்டி, எழுதிக்கொடுங்கள்.

#17 பைட்டு_பாண்டி

அட, இதை நான் யோசிக்கவே இல்லை. மாற்றம் இரண்டே இடத்தில். 27, 65, 8 இருந்த இடத்தில் 27, 65, 4. நெடுவரிசை எண் 0-விலிருந்து 15-க்குள் மட்டும், அதாவது 8, 4, 2, 1 நாலு பின்னின் கூட்டல். நேரம் இரண்டு மடங்கு ஆகும், படம் முழுசாக வரும், வெள்ளைக் கோடு இருக்காது. ஹெட் சூடும் குறையும். என் பிரிண்டரில் நாலாவது பின்னை இறந்ததாக வைத்து அடித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

#18 காகிதப்பூ

நான் மாற்றுக் கட்சி. அந்த வெள்ளைக் கோட்டை எடுக்கவேண்டாம். உங்கள் மெஷினின் கையெழுத்து அது. அந்தக் கோடு ஓடுகிற நோட்டு உங்களிடம் மட்டும்தான் வரும்.

#19 ஓட்டைப்பேப்பர்

அக்கா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்குக் கோலத்தில் கோடு அறுந்தால் என் அம்மா அந்த நோட்டை வீட்டுக்குள் விடமாட்டார். இழை முழுசாகச் சுற்றி வந்து மூடவேண்டும் என்பது அவர் கட்சி. கோலத்துக்குப் பாண்டி வழி, வேறு படத்துக்கு உங்கள் வழி என்று வைத்துக்கொள்கிறேன்.

#20 பனங்கிழங்கு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பனையோலையில் அடித்தால் என்ன என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சாதாரண டாட் மேட்ரிக்ஸில் உருளையைச் சுற்றி வளையும்போதே காய்ந்த ஓலை படக்கென்று பிளக்கும். அதனால் பேங்க் பாஸ்புக் அடிக்கிற பிரிண்டர் ஒன்றைப் பழசாக வாங்கினேன். அதில் தாள் வளையாமல் தட்டையாகவே உள்ளே போய் வெளியே வரும், 24 பின். ஓலையை வேகவைத்துக் காயவைத்துத் தேய்த்து, பாஸ்புக் அகலத்துக்கு ஓர் அட்டையில் ஒட்டினேன். வெறும் ஓலையைக் கொடுத்தால் தாள் இருக்கிறது என்றே அந்த மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை.

ரிப்பனைக் கழற்றிவிட்டு இரண்டு வரி அடித்தேன் (சார் திட்டவேண்டாம், இரண்டே வரி). பிறகு விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துணியால் துடைத்தேன். எழுத்தாணியால் கீறினால் மேல்தோல் அறுந்து கரி உள்ளே உட்காரும். பின் கீறுவதில்லை, அமுக்குகிறது. அமுங்கிய குழியில் கரி அரைகுறையாகத்தான் நின்றது. நேராகப் பார்த்தால் அழுக்கு மாதிரி, சாய்த்துப் பிடித்தால் எழுத்து. மேலடி போட்டு நாலு முறை குத்தவைத்ததில் இரண்டு ஓலை நார் வழியே பிளந்தது, ஒன்று பிழைத்தது. பிழைத்த ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. திருக்குறள் இல்லை, என் பாஸ்புக்கின் கடைசி வரி. மீதி 412 ரூபாய்.

#21 எதுக்குங்க

412 ரூபாயை ஓலைச்சுவடியில் ஏற்றிய முதல் மனிதர் நீங்கள்தான். எனக்கும் ஒரு பழைய பிரிண்டர் கிடைக்குமா என்று பக்கத்து அரிசி மண்டியில் கேட்டு வைத்திருக்கிறேன். யாரும் சிரிக்கவேண்டாம்.

பார்வையற்றவர்களுக்கு பிரெய்லி இதில் அடிக்க முடியுமா? குழிதானே அதுவும்?

#22 முன்னாள்_சர்வீஸ்

நிறையப் பேர் கேட்ட கேள்வி. பிரெய்லியில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் சுமார் 2.5 மில்லிமீட்டர், உயரம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கவேண்டும். இந்தப் பின் அதற்கு மிக மெல்லிசு. உருளைமேல் மெத்தென்ற ரப்பர் சுற்றி, பக்கத்துப் பக்கத்துப் பின்களைச் சேர்த்து அடித்தாலும் வருவது மணல் தடவிய மாதிரிதான், அழுத்தி இரண்டு முறை வாசித்தால் தட்டையாகிவிடும். வாசிக்கிறவர் விரலை வைத்து விளையாடவேண்டாம், அதற்கென்று தனி மெஷின் இருக்கிறது.

#23 ஓட்டைப்பேப்பர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கோல நோட்டு இருபத்திரண்டு ஆயிற்று, பாண்டி வழியில் நாலு பின்னில். மேலே மெல்லிய தாள், நடுவில் நீலக் கார்பன், கீழே கையால் செய்த காகிதம். கார்பன் நீலம் அந்தச் சொரசொரப்பில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டாது. மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விட்டு, ஈரத் தரையில் போட்ட கோலம் மாதிரியே வருகிறது. மேல் தாளையும் வீணாக்கவில்லை, உள்பக்க ஒட்டுத்தாளாகப் போட்டுவிட்டேன். பேப்பர் ஓரத்தில் கிழித்த ஓட்டை நாடா புத்தகக்குறி ஆகிவிட்டது. பேங்க் வேலையில் இருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை மடித்து மடித்து ஸ்பிரிங் செய்வார்களாமே, சந்தையில் வாங்க வந்த ஒரு அம்மா செய்தே காட்டினார்.

கடைசியாக ஒன்று. அப்பாவின் கம்ப்யூட்டரில் ஆபீஸ் மூடிய அன்று போட்ட கடைசி லாரி ரசீது இருந்தது. அதைப் படமாக மாற்றி மூன்று தாள் அடுக்கில் அடித்தேன். மேல் தாள் கறுப்பு, நடுத்தாள் கார்பன் நீலம், கீழே கார்பன் இல்லாத வெற்றுத்தாள். அந்த மூன்றாவதில் மையே கிடையாது. வண்டி நம்பர், மூட்டை எண்ணிக்கை, எடை எல்லாம் வெறும் குழி. சட்டம் போட்டு மாட்டலாம் என்று அப்பாவிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். திருப்பி விரலால் தடவினார். "மூணாவதுதானே? டிரைவர் காப்பி. அந்தக் காலத்துலயும் இப்படித்தான், ஒருத்தனாலும் படிக்க முடியாது" என்றார். பிறகு எடையில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது, திருத்தி அடி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

#24 எதுக்குங்க

அரிசி மண்டியில் பிரிண்டர் கிடைத்துவிட்டது, 132 எழுத்து அகலம், தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. உங்களிடம் ஒன்றரைப் பெட்டி பேப்பர் இருக்கிறது என்றீர்களே, அந்த அரைப் பெட்டி என்ன விலை? என் பிரிண்டரின் டிராக்டரை (ஓட்டையில் பிடித்துப் பேப்பரை இழுக்கிற பல்) நெருக்கி வைத்தால் உங்கள் அகலமும் ஓடும்.